அரசியல் தலைவரை நையாண்டி பண்ற டிவி சீரியல் ஏதாவது பாத்திருக்கீங்களா? எப்படி இருந்துச்சு?

பாத்தேன், உக்ரைன் சீரியல். ‘மக்களின் சேவகன்’னு பேரு, 2015ல அங்க 1+1 சேனல்ல வந்தது, இப்ப அந்த நாட்டு அதிபரா இருக்கிற செலென்ஸ்கிதான் ஹீரோ. வசனம் பெரும்பாலும் ரஷ்ய மொழி, நான் சப்டைட்டில் வச்சுதான் பாத்தேன்.

கதை என்னன்னா ஹொலொபொரோத்கோனு ஒரு வரலாறு வாத்தியார், தேர்தலுக்கு வாக்குச்சாவடி தட்டி கட்டணும்னு அவர் கிளாஸ் பசங்களை பாதியில கூட்டிட்டுப் போயிடறாங்க, மனுஷன் கடுப்பாகி நாட்டுல உள்ள மொத்த அரசியல்வாதியையும் கெட்ட வார்த்தையில கிழிக்கிறாரு, ஒரு பையன் அதை ஜன்னல் வழியா வீடியோ எடுத்து நெட்ல விட, கடைசில வாத்தியார் அதிபர் ஆயிடறாரு. ஸ்கூலுக்கு லேட்டாச்சேன்னு வீட்ல அல்லாடிட்டு இருக்கிற காலை நேரத்துல பிரதமரே நேர்ல வந்து நிக்கிற சீன்லாம் செம.

எனக்கு அரசியல் காமெடிய விட அவர் குடும்பம்தான் ரொம்ப பிடிச்சுது. அப்பா டாக்சி டிரைவர், பையன் அதிபர் ஆனதும் பண்ற அலப்பறை இருக்கே! ஊழலை ஒழிக்க வந்தவர் முதல்ல வீட்டுக்குள்ள மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. அப்புறம் அப்ப ஜெர்மனி சான்சலரா இருந்த மெர்கல் போன் பண்ணி ஐரோப்பிய யூனியன்ல சேத்துட்டோம்ங்கிறாங்க, இவர் துள்ளிக் குதிச்சு முடிக்கறதுக்குள்ள சாரி, மான்டினீக்ரோவுக்குப் போட வேண்டிய கால்னு சொல்லிடறாங்க. அந்த இடத்துல சிரிச்சேன், ஆனா 2022ல ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்ததுக்கு அப்புறம் பாக்கறதால லேசா வலிக்கவும் செஞ்சுது.

குறைன்னா ஒண்ணு இருக்கு. இது தலைவரைத் தவிர மத்த எல்லாரையும் கிண்டல் பண்ற சீரியல். மந்திரி, எம்பி, திரைமறைவுல ஆட்டி வைக்கிற பெரும் பணக்காரங்க எல்லாரும் மாட்டுவாங்க, வாத்தியார் மட்டும் தப்பே பண்ணாத தங்கம். பிபிசியோட ‘யெஸ் மினிஸ்டர்’ல அப்படி இல்ல, அதுல மந்திரி ஜிம் ஹேக்கரே பேருக்கு ஆசைப்படற பயந்தாங்கொள்ளி, நையாண்டி அவர் மேலயும் விழும். இங்க போகப் போக பிரச்சாரப் படம் மாதிரி ஆயிடுது. சும்மா சொல்லல, சீரியல் பேர்லயே கட்சி பதிவாச்சு, 2019 ஏப்ரல்ல அதிபர் தேர்தல் இரண்டாவது சுற்றுல அப்போதைய அதிபர் பொரொஷென்கோவைத் தோக்கடிச்சு செலென்ஸ்கி 73 சதவீத ஓட்டு வாங்கினாரு. பணமுதலைகளைத் திட்டற இந்த சீரியல் ஓடின சேனலே கொலொமொய்ஸ்கிங்கிற பணமுதலையோடது, அந்த காமெடி ஸ்கிரிப்ட்லயே இல்ல!

பாக்கறதுன்னா முதல் சீசன் போதும். மூணாவது மூணே எபிசோட், தேர்தல் முதல் சுற்று நடந்த அதே மார்ச்ல விட்டாங்க, ஓட்டு கேக்க வந்த மாதிரியேதான் இருக்கு.