அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் ஒரு பிரதியில் சார்லஸ் தாம்சன் பெயரைப் பார்த்தேன்; கையெழுத்திட்ட 56 பேர் பட்டியலில் அது ஏன் இல்லை?

பட்டியலில் பிழை இல்லை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரும் காங்கிரஸ் (அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுச் சபை) பிரதிநிதிகள்; தாம்சன் அதன் செயலாளர்.

நீங்கள் பார்த்தது, ஜான் டன்லப் 1776 ஜூலை 4 இரவு அச்சடித்த தாளாக இருக்கும். அடியில் பாருங்கள்: காங்கிரஸ் தலைவர் ஜான் ஹான்காக் பெயருக்குக் கீழே, சான்றளித்தவராகத் தாம்சன் பெயர் இருந்தால் அதேதான். இரண்டுமே அச்செழுத்து. 56 பேர் ஒப்பமிட்ட தோல் பிரதி வேறு. அதில் கையெழுத்து தொடங்கியதே ஆகஸ்ட் 2-ல்.

அதற்காகத் தோல் பிரதியை எழுதியவர் தாம்சன் என்று போட்டுவிடாதீர்கள். அதை எழுதியவர் தாம்சனின் உதவியாளர் திமதி மாட்லாக் என்பதே பொதுவான கருத்து.

பாவம் மனிதர்! 1774 முதல் 1789 வரை தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், செயலாளர் இவர் ஒருவர்தான். அப்புறம், ஆங்கிலத்தில் இவர் பெயரைத் தேடும்போது ‘p’ எழுத்தை விட்டுவிடுங்கள்: Thompson அல்ல, Thomson.