டிரிப்டோஃபான் பொடி அப்பாவின் மறதியைப் போக்குமா?

கேள்வி: என் தந்தைக்கு 71 வயது. ஓராண்டாக மறதி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூளை ஊட்டச்சத்து ஆலோசகர் என்று அறிமுகமான ஒருவர், ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்களைப் பரிசோதிக்கச் செய்தார். டிரிப்டோஃபான் குறைவாக இருக்கிறதாம்; அதனால் மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா வெறிகொண்டு நரம்புகளைத் தின்கின்றனவாம். டிரிப்டோஃபான், ஆர்ஜினின், குளூட்டமின் கலந்த பொடியை ஆறு மாதம் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை குறைவு. பாதி உண்மையைச் சொல்லிப் பொடியை விற்கிறார். அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

மைக்ரோகிளியாவைத் தனி வகைச் செல்லாக அடையாளம் கண்டு 1919இல் பெயரிட்டவர் ஸ்பெயின் நாட்டு ரியோ ஒர்டேகா. இவை ஏதாவது நடந்தால்தான் விழித்தெழும் செல்கள் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம். 2005இல் உயிருள்ள சுண்டெலியின் மூளைக்குள் நுண்ணோக்கி வழியே பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் மெல்லிய கிளைகளோ ஓயாமல் நீண்டு, சுருங்கி, அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்தபடியே இருக்கின்றன. லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டதும் சுற்றியிருந்த செல்களின் கிளைகள் எல்லாம் சில நிமிடங்களில் அந்தப் புள்ளியை நோக்கித் திரும்பி அதை வளைத்துக்கொண்டன. அந்தக் காணொளியை மாணவர்களுக்கு எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் எனக்கு அலுப்பதில்லை. இவை குப்பையை அகற்றும், கிருமியை விழுங்கும், காயத்தை ஆற்றும். நீண்டநாள் கிளர்ச்சியில் இருந்தால் நல்ல நரம்புகளுக்கும் கேடு செய்யும். இதுவரை ஆலோசகர் சொன்னது சரிதான்.

புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் இந்தச் செல்களின் போக்கை மாற்றும் என்பதும் சரியே. சிக்கல், எந்தப் பக்கம் மாற்றும் என்பதில் இருக்கிறது.

டிரிப்டோஃபான் என்றதும் எல்லோரும், மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற வேதிப்பொருளைச் சொல்வார்கள். உண்மையில் மிகச் சிறு பங்குதான் செரடோனினாகிறது. பெரும்பங்கு கைனுரெனின் என்ற வேறு பாதையில் உடைகிறது. உடலில் அழற்சி, அதாவது நோய் எதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுந்த நிலை, இருந்தால் அந்தப் பாதையின் நொதி (என்சைம்) இன்னும் வேகமெடுக்கும். அங்கிருந்து இரண்டு கிளைகள். ஒன்று மைக்ரோகிளியாவுக்குள் குயினோலினிக் அமிலமாக முடிகிறது. இது நரம்புகளை அளவுக்கு மீறித் தூண்டி வாட்டும். இன்னொன்று ஆஸ்ட்ரோசைட் என்ற வேறு வகைச் செல்லில் கைனுரெனிக் அமிலமாகிறது. இது அந்தத் தூண்டுதலைத் தடுக்கும். சரக்கு ஒன்று, எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்துக் கெடுதலும் ஆகும், நன்மையும் ஆகும்.

இப்போது உங்கள் தந்தையின் பரிசோதனை முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். டிரிப்டோஃபான் குறைந்ததால் அழற்சி வந்தது என்கிறார் ஆலோசகர். எங்கோ அழற்சி இருப்பதால் டிரிப்டோஃபான் எரிந்து குறைந்திருக்கலாம் என்று அதையே தலைகீழாகவும் படிக்கலாம். அப்படியானால் பொடி கொடுப்பது, அடுப்பில் விறகு தீர்ந்துவருகிறதே என்று இரக்கப்பட்டு இன்னும் இரண்டு கட்டை செருகுவது போலத்தான். இரண்டும் இல்லாமல், ரத்தம் எடுத்த நேரத்தில் அவர் எப்போது, என்ன சாப்பிட்டிருந்தார் என்பதாலும் அந்த எண் மாறியிருக்கலாம். ரத்தத்தில் உள்ள அளவு மூளைக்குள் மைக்ரோகிளியாவின் மனநிலையைக் காட்டும் கருவி அல்ல. அழற்சி என்பதை 'மூளை வீக்கம்' என்று சொல்லிக் குடும்பத்தைக் கலங்கவைப்பதும் இவர்கள் வழக்கம். இரண்டும் வேறு வேறு.

ஆர்ஜினின் கதையும் இதே போலத்தான். ஒரு நொதி அதை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும், தாக்குதலுக்கு. இன்னொன்று அதை உடைத்துத் திசு சீரமைப்புக்குத் தரும். இதில் பெரும்பாலானவை சுண்டெலியில் கண்டவை; மனித மைக்ரோகிளியா அதே அளவில் அப்படி நடப்பதில்லை. பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டும் கொடுக்க முடியாது. மாரடைப்பு வந்த 153 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து, 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்ஜினின் பெற்றவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். குளூட்டமினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடல் தானே செய்துகொள்வது அது.

'இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது' என்று அந்த ஆலோசகர் கட்டாயம் சொல்லியிருப்பார். 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கடும் தசைவலியோடு ஒரு நோய் பரவியது. 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். ஒரே உற்பத்தியாளரின் சரக்கில் கலந்திருந்த மாசே காரணம் என்று பெரும்பாலும் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகாவது திருந்தினார்களா? 1994இல் அங்கே வந்த சட்டம், இத்தகைய பொருள்களை விற்பதற்கு முன் பலனை அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டது. உணவு என்று பெயரிட்டு மருந்து போல விற்க வழிவிட்டுவிட்டு, 'மக்கள் ஏன் ஏமாறுகிறார்கள்' என்று கருத்தரங்கு நடத்துகிறோம்.

நான் சொல்லும் கணக்கு ஒன்றுதான்: பரிசோதனைக்கு அனுப்புகிறவர், முடிவை விளக்குகிறவர், பொடியை விற்கிறவர் மூவரும் ஒருவரே என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நாற்பது எண்கள் அச்சிட்ட அறிக்கையில் இரண்டு மூன்று எல்லைக்கு வெளியே விழுவது சகஜம், நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும். அந்தச் சிவப்பு அம்புக்குறிதான் அவர் பிழைப்பு.

உங்கள் கடிதத்தில் பொடியில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தந்தை தினமும் சாப்பிடும் மாத்திரை ஒன்றின் பெயரைக்கூட எழுதவில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாரா? அதில் பல வகைகளோடு டிரிப்டோஃபான் சேர்ந்தால் செரடோனின் எல்லை மீறி ஆபத்தாகலாம்.

இன்னொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சாப்பாட்டில் உள்ள அமினோ அமிலங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான். மூளைக்குள் நுழைய டிரிப்டோஃபான், லியூசின் போன்றவை பயன்படுத்தும் அதே வாசலில் அதுவும் வரிசையில் நிற்க வேண்டும். கூட்டம் அதிகமானால் மருந்து வெளியிலேயே நின்றுவிடும். குடலிலும் இதே நெரிசல் உண்டு. என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் காலை பதினொரு மணி மாத்திரை மட்டும் வேலை செய்யவில்லை. கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். வேறோர் இடத்தில் இரண்டு முறை மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மகன் அன்போடு வாங்கித் தந்த புரத பானத்தோடு! அந்தப் பானத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்தோம், நடை திரும்பியது. இதைப் படித்துவிட்டுப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், உடல் மெலிந்துவிடும். நேரத்தைப் பிரித்துக்கொள்வதுதான் விஷயம், அதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். உங்கள் தந்தைக்குக் கை நடுக்கமோ நடையில் தளர்ச்சியோ இருந்து இந்த மாத்திரை எடுத்துவந்தால், அந்தப் பொடி அதன் வழியை மறிக்கும்.

ஆலோசகரிடம் ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாங்கள் நான்கு நிமிடம் பார்த்து, 'வயதானால் அப்படித்தான்' என்று அனுப்பிவிடுகிறோம். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். ஆனால் ஓராண்டு மறதியை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். காது சரியாகக் கேட்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை ஆகியவற்றில் சில மறதியைக் கூட்டும்; மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பொடி டப்பாவையும் அதே பையில் வையுங்கள்; பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை மருத்துவர் படிக்கும்வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம்.