ஊரோரத்தில் லேஅவுட்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த ஆறு ஏக்கர் நஞ்சையை ஒரு புரமோட்டர் வாங்கி, வரப்பையெல்லாம் அடித்துச் செம்மண் கொட்டி மட்டம் போட்டுவிட்டார். கொடி கட்டியாகிவிட்டது, கல் மட்டும் இன்னும் நடவில்லை. அப்ரூவலுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். எங்களுக்கு இந்த லேஅவுட்டே வேண்டாம். தடுக்க வழி உண்டா?

பதில்: அடியோடு தடுப்பது கஷ்டம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டா நிலத்தை ஒருவர் விற்பதையும் இன்னொருவர் அனுமதி வாங்கி மனை போடுவதையும் ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்ற காரணத்துக்காக எந்த அதிகாரியும் நிறுத்த மாட்டார். ஊர் அமைதி கெட்டுவிடும், வெளியாட்கள் வந்துவிடுவார்கள் என்று மனு எழுதினால் கோப்பில் ஒரு தாள் கூடும், அவ்வளவுதான். (சொந்த வீடு கட்ட வருகிறவரை வெளியாள் என்று எழுதுவது எனக்கும் உவப்பாக இல்லை.) ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பேசினால் கதையே வேறு.

சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, புலப்படத்தையும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுங்கள். இரண்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். நஞ்சை என்றால் பாசன வாய்க்கால் இல்லாமல் இருக்காது. புலப்படத்தில் அது ஒல்லியான இரட்டைக் கோடாக வளைந்து போகும், பெரும்பாலும் தனி உட்பிரிவு எண்ணோடு. அந்த எண்ணுக்கு நேராக அ-பதிவேட்டில் வாய்க்கால் அல்லது ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால், அந்தத் துண்டு அரசு நிலம். விற்றவருக்கும் அதில் பாத்தியம் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை. களத்தில் போய்ப் பார்த்தால் அது செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும், கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களைத் திருப்பினால் பச்சைக் கோடாகத் தெரியும். புலப்படத்தையும் அந்தப் பழைய படத்தையும் அச்செடுத்து மனுவோடு வையுங்கள், பத்துப் பக்கம் எழுதுவதைவிட அந்த இரண்டு தாள் பேசும். வாய்க்கால் பட்டாவுக்குள்ளேயே ஓடியிருந்தாலும், காலங்காலமாக அதில் பாய்ச்சுகிற கீழ்மடைக்காரர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அது சிவில் கோர்ட்டில் தீர வேண்டிய விஷயம்.

அப்புறம் மழைக் கணக்கு. ஆறு ஏக்கரில் ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் 12 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 100 லோடு. இதுவரை அதில் பெரும்பகுதி வயலில் தேங்கி, ஊறி, மிச்சம் மெல்ல வடிந்தது. இனி மேடாக்கின மனையும் தார் ரோடும் மொட்டைமாடியும் அதைத் தள்ளிவிடும், பள்ளம் எங்கே என்று பார்த்தால் உங்கள் தெரு. இதைக் கணக்கோடு எழுதி, வடிகால் எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன்படி, சென்னைப் பெருநகர எல்லைக்கு வெளியே மனைப்பிரிவைப் பரிசீலிப்பது நகர் ஊரமைப்பு இயக்ககம், எல்லோரும் டிடிசிபி என்று சொல்வது அதைத்தான். அதன் மாவட்ட அலுவலகத்துக்கு மனு, நகல் ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும், அதை விட்டுவிடாதீர்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம்: நஞ்சையை மனையாக மாற்ற யார் என்ன கருத்துச் சொன்னார்கள், நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தந்ததா, தள ஆய்வறிக்கை எங்கே என்று நகல் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. அதுவரை காத்திருக்காமல் ஆட்சேபணையை இப்போதே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் அப்ரூவல் வந்து மனை விற்றுவிட்டால் எதிரில் நிற்பது ஒரு புரமோட்டர் இல்லை, நகையை வைத்து மனை வாங்கின ஐம்பது குடும்பம்.

வேண்டாம் என்பதோடு நிற்காமல், வந்தால் எப்படி வர வேண்டும் என்றும் எழுதுங்கள். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். உங்கள் ஆறு ஏக்கர் 24,000 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. அதனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே தர வேண்டும். பல இடங்களில் விற்காத மூலையைத்தான் பூங்கா என்று ஒதுக்குவார்கள். உங்கள் ஊரில் அது வாய்க்கால் கரையை ஒட்டி வரட்டும் என்று கேளுங்கள். பாதி வெற்றி அங்கேயே இருக்கிறது.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டால் லேஅவுட் நின்றுவிடும் என்கிறாரே எங்கள் வார்டு உறுப்பினர்?

பதில்: தீர்மானம் மட்டும் நிறுத்தாது. ஆனால் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. ‘லேஅவுட்டை எதிர்க்கிறோம்’ என்று பொதுவாக எழுதாமல், இன்ன சர்வே எண்ணில் உள்ள வாய்க்காலை அளந்து மீட்க வேண்டும் என்று எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், ஊர் அன்றைக்கே சொன்னது என்பதற்கு அதுதான் சாட்சி.

கேள்வி: நான் எதிர்த் தரப்பு. இப்படி ஊர் எதிர்க்கிற ஒரு மனைப்பிரிவில் முன்பணம் கொடுத்துவிட்டேன். என் பணம் போச்சா?

பதில்: போகவில்லை, ஆனால் அடுத்த தவணையை நிறுத்தி வையுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகாமல் விளம்பரம் செய்யவே கூடாது, விற்பனை ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதிலிருந்து, அங்கீகாரமில்லாத புது மனையைப் பத்திரப்பதிவு செய்யவும் வழியில்லை. ரெரா எண்ணைக் கேளுங்கள். ‘வந்துடும் சார்’ என்று பதில் வந்தால், கொடுத்த பணத்தை எழுத்துமூலமாகத் திருப்பிக் கேளுங்கள். எண் இருந்தால், அந்த வரைபடத்தில் உங்கள் மனை வாய்க்கால் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு சர்வேயரை அழைத்துப்போய் அளந்து பாருங்கள்.