அமில-காரச் சந்தேகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

வலிமை குறைந்த அமிலம் என்றால் தண்ணீர் நிறையக் கலந்த அமிலம்தானே சார்? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

இல்லைம்மா. பாதிப் பேர் வழுக்கி விழுகிற இடம் இதுதான். தண்ணீர் கலப்பது உன் கையில் இருக்கிறது. வலிமை அமிலத்தின் பிறவிக் குணம். 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும், பி.எச். (அமில-கார அளவுகோல்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 1. அதே 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்றுதான் விட்டிருக்கும், பி.எச். 2.9 வாக்கில் நிற்கும்.

சரி, இரண்டிலும் 20 மி.லி. எடுத்து நடுநிலையாகும் வரை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஊற்றினால் எதற்கு அதிகம் செலவாகும்? இரண்டுக்கும் அதே 20 மி.லி.தான். காரம் வர வர, அசிட்டிக் அமிலம் பிடித்து வைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். கஞ்சன்தான், ஆனால் பாக்கி வைக்க மாட்டான்.

அப்படியானால் அசிட்டிக் அமிலத்துக்கு, முடிவை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு போட்டால் என்ன? ஏன் பினாப்தலீன்தான் வேண்டும் என்கிறார்கள்?

மெத்தில் ஆரஞ்சு பி.எச். 4.4-க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறி முடித்துவிடும். மேலே சொன்ன கணக்கில், பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து 6 மி.லி. காரம் இறங்கும்போதே குடுவை மஞ்சளாகிவிடும். வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். இன்னும் 14 மி.லி. பாக்கி. உண்மையில் முடிகிற இடத்தில் பி.எச். 8.7. பினாப்தலீன் நிறம் மாறுவது 8.2-க்கு மேல்தான், அதனால் பொருந்துகிறது.

பினாப்தலீனின் இளஞ்சிவப்பு வந்த பிறகு சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. இன்னும் ஊற்றணுமா?

வேண்டாம். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைந்து, மிச்சமிருந்த துளிக் காரத்தையும் தின்றுவிடுகிறது. குலுக்கிய பிறகு அரை நிமிடம் நிறம் நின்றால் போதும், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். படிக்கிற காலத்தில் நான் குடுவையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நிறமே இல்லை. மறுபடி ஊற்றினேன், மறுபடி மறைந்தது. அன்றைய அளவுகள் மூன்றும் மூன்று திசையில்.

குழந்தைக்கு வீட்டிலேயே காட்ட ஏதாவது உண்டா?

ஆரத்தித் தட்டு இருக்கிறதே! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கிறது. சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். மஞ்சளில் உள்ள குர்குமின் அதற்கு நிறங்காட்டி. அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள், மீண்டும் மஞ்சளாகும். குழம்பு பட்ட சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பது இதனால்தான்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 8 என்று வருகிறது. அமிலம் எப்படிக் காரமாகும்?

ஆகாது, உங்கள் சந்தேகம் சரிதான். தண்ணீரே தன் பங்குக்கு 10⁻⁷ அளவில் ஹைட்ரஜன் அயனி வைத்திருப்பதைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். சேர்த்துப் போட்டால் 6.98. நடுநிலைக்கு ஒரு மயிரிழை கீழே.

கையில் அமிலம் பட்டால் சமையல் சோடா தடவலாமா?

கூடாது. நடுநிலையாகும்போது வெப்பம் வரும். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் காட்டுங்கள், அப்புறம் மருத்துவரிடம்.