ரம்பத்துக்கு வயது சொல்லும் வில்லை

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகன், பழைய சாமான் சந்தையில் ஒரு கை ரம்பம் வாங்கியிருக்கிறான். கைப்பிடியில் இருக்கும் பித்தளை வில்லையில் ‘எச். டிஸ்டன் அண்ட் சன்ஸ், ஃபிலா.’ என்று எழுதியிருக்கிறது. 1850ஆம் வருடத்து ரம்பம் என்று விற்றவர் அடித்துச் சொன்னாராம். நம்பலாமா? (வாசகர், கோவை)

பதில்: அவர் அடித்துச் சொல்லலாம், வில்லை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறதே! இங்கிலாந்திலிருந்து சிறுவனாக வந்த ஹென்றி டிஸ்டன், ஃபிலடெல்பியாவில் தொழில் தொடங்கியது 1840இல். மூத்த மகன் ஹாமில்டன் 1865இல் கூட்டாளி ஆனதும் வில்லையில் ‘அண்ட் சன்’ ஏறியது. தம்பிகளும் சேர, 1871 வாக்கில்தான் அது ‘சன்ஸ்’ ஆனது. ஆக, 1850 கதை அங்கேயே முடிந்தது.

அப்புறம் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ‘ஃபிலா.’ என்பது ஃபிலடெல்பியாவின் சுருக்கம். 1917 வாக்கில் அதை எடுத்துவிட்டு ‘யு.எஸ்.ஏ.’ என்று போட ஆரம்பித்தார்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கைப்பிடியைத் தகட்டோடு இணைக்கும் மற்றத் திருகுகளின் தலையில் 1887 டிசம்பர் 27 என்று காப்புரிமைத் தேதி தெரிகிறது. அந்தத் தேதிக்கு முன்னால் இந்தத் திருகு கிடையாது. எனவே 1888க்கும் 1917க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். கையிருப்பில் இருந்த பழைய வில்லைகளை எந்தப் பட்டறையும் தூக்கி எறிவதில்லை, அதனால் 1917க்குப் பின்னே இரண்டொரு வருடம் விட்டுப் பிடியுங்கள்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். வில்லை சொல்வது கைப்பிடியின் வயதைத்தான். நல்ல கைப்பிடியைக் கழற்றி வேறு தகட்டில் மாட்டுவது எல்லா ஊர் ஆசாரிகளுக்கும் வழக்கம். கைப்பிடியைக் கழற்றினால், தகட்டில் தேவைக்கு அதிகமாகத் துளைகள் இருக்கின்றனவா, மரம் மூடியிருந்த இடத்தின் கறை இப்போதைய கைப்பிடியின் விளிம்போடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான், வில்லையை அதற்குப் பிறகுதான்.

கேள்வி: என் ரம்பத்தின் வில்லையில் கழுகுப் படமும் ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்ற எழுத்தும் இருக்கின்றன. இந்தக் கம்பெனி எப்போது தொடங்கியது? (வாசகர், காரைக்குடி)

பதில்: அப்படி ஒரு கம்பெனியே இல்லை. ‘உயர்ந்த சரக்கு, உத்தரவாதம் உண்டு’ என்று சொல்லும் பொது வில்லை அது. அமெரிக்காவில் டிஸ்டன் உட்படப் பலர், இரண்டாம் ரகத்துக்கும் கடைக்காரர் பெயரில் விற்ற ரம்பங்களுக்கும் இதைப் பொருத்தினார்கள். கழுகுக்குப் பதில் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு, அதாவது இரும்புச் சாமானுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரம் என்று தேடத் தொடங்கலாம். செய்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் தகட்டைத்தான் கேட்க வேண்டும். அதன் நடுவில் அமிலத்தால் பொறித்த எழுத்து மங்கலாகவாவது இருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: தகட்டின் முதுகில், நுனிக்கு அருகே சின்னதாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எதற்கு? (வாசகி, திருச்சி)

பதில்: வெட்டத் தொடங்கும் இடத்தில் கோடு கீற என்பார்கள், பல்லுக்கு மூடும் மர உறையின் கயிற்றைக் கட்ட என்பார்கள். அதனால் ஒரு உபயோகமும் இல்லை, வெறும் அழகுக்குத்தான் என்று டிஸ்டன் கம்பெனியே தன் ரம்பக் கையேட்டில் போட்டு உடைத்துவிட்டது. ஆனாலும் யாரும் விடுவதாக இல்லை!

கேள்வி: துருவை எடுக்க உப்புத்தாள் போடலாமா? (வாசகர், கோவை, மேலே எழுதியவரே)

பதில்: தகட்டின் நடுப்பகுதியில் வெறுமனே போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். நுண்ணிய நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் தொட்டு, தகட்டின் நீளவாக்கில் மெதுவாகத் தேயுங்கள். எழுத்து கறுப்பாகத் தெரியத் தொடங்கியதும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வில்லையைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுப் பளபளக்க வைக்கவும் வேண்டாம். ஈரத்துணியால் அழுக்கை எடுத்தால் போதும். எழுத்தின் விளிம்பு தேய்ந்தால் ‘சன்’னா ‘சன்ஸ்’ஸா என்று நானும் சொல்ல முடியாது.