கை எரிந்தால் குறைக்க வேண்டியது சவர்க்காரத்தை

கேள்வி: திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். ஒவ்வொரு நோயாளியையும் பார்த்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே ஹேண்ட் ரப்பும் (தண்ணீரில்லாமல் கையில் தேய்க்கும் அல்கஹோல் கலவை) பூசுகிறேன். கை வெடித்து எரிகிறது. ரப்பை விட்டுவிட்டு எந்நேரமும் கையுறை போட்டிருந்தால் போதாதா?

பதில்: போதாது தங்கச்சி. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டும். ஒரே சோடியோடு நாலு கட்டிலுக்குப் போனால் முதல் நோயாளியின் கிருமி நாலாவது ஆளிடம் போய்ச் சேரும். கையுறை போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் கைச்சுத்தம் கட்டாயம்.

எரிவு வந்தால் எல்லோரும் ரப்பைத்தான் பழிக்கிறார்கள். தோலின் எண்ணெய்ப் பசையைக் கூடுதலாகக் கழுவிவிடுவது சவர்க்காரம். வெடித்த இடத்தில் அல்கஹோல் படும்போது காந்துகிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் தோல் வறளாமல் இருக்கவே கிளிசரின் சேர்க்கிறார்கள். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள், ஒன்று போதும். கையில் இரத்தமோ அழுக்கோ தெரிந்தால், கழிப்பறை போய் வந்தால், வயிற்றோட்ட நோயாளியைக் கவனித்தால் சவர்க்காரமும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி. ஏனென்றால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகளை (தடித்த உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) அல்கஹோல் கொல்லாது. மற்ற நேரமெல்லாம் ரப்: உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 விநாடி, தானாகக் காயும்வரை. பெருவிரலும் விரல்நுனிகளும்தான் பெரும்பாலும் தப்பிப் போகும் இடங்கள். நோயாளியை அதிகம் தொடுவதும் அவைதான்!

இன்னொன்று, நோயாளியைத் தொடாமல் கட்டில் கம்பியையோ சேலைன் ஸ்டாண்டையோ மட்டும் தொட்டிருந்தாலும் ரப் பூச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டலில், கையைச் சுத்தம் செய்யவேண்டிய ஐந்து தருணங்களில் பலர் மறப்பது இதைத்தான்.

இப்போது தோலைப் பார்ப்போம். இதமாக இருக்கிறதென்று சுடுநீரில் கழுவாதீர்கள், புண் கூடும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கை நன்றாகக் காய்ந்த பிறகே கையுறை போடுங்கள், இங்குள்ள புழுக்கத்தில் ஈரக்கை உள்ளே அவிந்துபோகும். வாசனையில்லாத கிறீமை டியூட்டி முடிந்ததும் படுக்கும்போதும் பூசுங்கள். வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ பூசிய கையில் லேடெக்ஸ் கையுறை வேண்டாம், ரப்பர் இளகிவிடும். வீட்டில் மீன்சட்டி கழுவுவதும் உடுப்புத் தோய்ப்பதும் இதே கைதானே, அதற்கும் தடித்த ரப்பர் கையுறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பில் நீர் கசிந்தாலோ சீழ் கண்டாலோ பொறுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். வெடித்த தோலில் கிருமி கூடுதலாகத் தங்கும், கழுவினாலும் எளிதில் போகாது. அன்றைக்கே தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடம் கையைக் காட்டுங்கள்.