கொடைக்கானல் பக்கம் ஓடைக்கரையில் டென்ட் போட்டுத் தங்கலாமா? சும்மா உட்கார்ந்திருந்தாலே விரட்டச் சட்டம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். நண்பர்களோடு ஒரு ராத்திரி ஓடையோரம் டென்ட் போட்டால் சட்டப்படி தப்பா என்பது ஒன்று. போன முறை வந்தபோது ரோட்டுப் பாலத்துக்குக் கீழே காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைச் சீருடை போட்ட ஒருவர் எழுப்பி விரட்டினாராம், அப்படி விரட்ட முடியுமா என்பது இன்னொன்று. கடைசியில், அமெரிக்காவில் ஆற்றோரம் தங்குவதைத் தடை செய்தது போல இங்கேயும் ஒரே சட்டமாகப் போட்டுவிட்டால் குழப்பம் தீருமே என்றும் எழுதியிருக்கிறார்.

டென்ட் போடாதீர்கள். உட்காருவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அது எந்த நிலம் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். அந்த ஒரே சட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். இனி விவரம், கொஞ்சம் நீளும்.

நான் கொடைக்கானல் மேல்மலைக் கிராமத்துக்காரன். எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் ஓடைத் தண்ணீர்தான். முக்கால் கிலோமீட்டர் மேலே ஓடையில் ஒரு சின்னக் குழி, அதில் கருப்பு ஹோஸின் வாயைப் போட்டு, சருகு ஏறாமல் இருக்கக் கொசுவலைத் துணியைச் சுற்றி, தண்ணீர் இழுத்துப் போகாமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருப்போம். இந்த மலையில் எத்தனையோ வீட்டுக்கு இதுதான் குழாய். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தண்ணீர் நின்றுவிட்டது. அப்பாவும் நானும் ஹோஸைப் பிடித்துக்கொண்டே ஏறிப் போனோம். குழிக்கு இருபதடி மேலே மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பு, பாதி எரிந்த கட்டை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நூடுல்ஸ் பாக்கெட், பேப்பர் தட்டு, உடைந்த பீர் பாட்டில். வலைத்துணியை அடைத்திருந்தது ஈர டிஷ்யூ. அது எதற்குப் பயன்பட்ட டிஷ்யூ என்பது பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வலையை அவிழ்த்துக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், அவர் கை நடுங்கியது. அம்மா மூன்று நாள் அந்தத் தண்ணீரில் உலை வைக்கவில்லை, ஊர்ப் பொதுக்குழாயில் இருந்து குடத்தில் தூக்கினோம்.

கீழே ரோட்டில் அந்தப் பையன்கள் காரில் டென்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு ஒருவன் மரியாதையாகத்தான் சொன்னான், "அண்ணா, இது கவர்மென்ட் இடம்தானே, யாரு கேக்கப் போறா?"

நிறையப் பேர் நினைப்பது இதைத்தான், அதனால் இதற்கே முதலில் பதில் சொல்கிறேன். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இன்னும் அமலில் இருக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, குளம் இவற்றின் படுகையும், ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும், வேறு யாருக்கும் உரிமை இல்லாத வரையில் அரசாங்கத்துச் சொத்து என்று அது சொல்கிறது. அரசாங்கத்துச் சொத்து என்றால் கேட்பாரற்ற சொத்து என்று அர்த்தமில்லை. 1996 டிசம்பரில் வெளியான எம்.சி. மேத்தா வழக்குத் தீர்ப்பில் (இமாசலத்தில் ஒரு ஹோட்டல் தன் இடத்தைக் காப்பாற்ற பியாஸ் ஆற்றையே திருப்பிவிட்ட வழக்கு) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஆறும் காடும் அரசாங்கத்தின் கையில் இருப்பது மக்களுக்காக நம்பி ஒப்படைக்கப்பட்டதாகத்தான். அந்த மக்களில் ஹோஸ் போட்டிருக்கும் என் அம்மாவும் உண்டு, டென்ட் கொண்டுவந்த பையனும் உண்டு. ஆனால் அவன் ஒரு ராத்திரிக்கு வருகிறான், என் அம்மா தினம் குடிக்கிறாள்.

அடுத்தது இடம். மேல்மலையில் நீங்கள் பார்க்கும் ஓடைகளில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்குள் (ரிசர்வ் ஃபாரஸ்ட், சுருக்கமாக ஆர்.எஃப்.) ஓடுகிறது. 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தீ மூட்டுவது தனிக் குற்றம், தண்ணீரில் விஷம் கலப்பதும் மீன் பிடிப்பதும்கூட அந்தப் பட்டியலில் வரும். 2013ல் இங்கே சுமார் 600 சதுர கிலோமீட்டரைக் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள், அதற்குள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வாங்கி, பகலில் போய்ப் பகலிலேயே திரும்பச் சொல்வது இதனால்தான். அந்த ஏரித் தண்ணீர் கீழே பெரியகுளத்துக்குக் குடிதண்ணீராகப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்கு வெளியே என்றால் ஓடைப் புறம்போக்கு, அது வருவாய்த்துறை பொறுப்பு. பட்டா நிலத்தில் டென்ட் கிடைக்கும் என்று போனில் விளம்பரம் வரும், அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அசுத்தம் செய்ததற்கும் சட்டம் உண்டு. பொது ஊற்று, நீர்த்தேக்கத் தண்ணீரைக் கெடுத்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 279ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. ஓடைக்கு 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்ததே, அதுவும் உயர் நீதிமன்றம் தலையிட்டு வந்ததுதான். உடைந்த பாட்டில் யானையின் பாதத்தில் ஏறினால் அது பிழைப்பது கஷ்டம்.

சட்டத்தை விடுங்கள், ராத்திரி அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். காட்டுமாடு தண்ணீருக்கு இறங்குவது அந்தியிலும் விடியலிலும். அதற்கு ஒரு தடம் இருக்கும், தலைமுறையாக அதே தடம், நீங்கள் டென்ட் போட வசதியாக இருக்கிறது என்று நினைக்கும் சமதரை அநேகமாக அந்தத் தடத்தின் முடிவுதான். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் ரிசார்ட் டென்டில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை கொன்றது, காசு கொடுத்துத் தங்கிய இடத்திலேயே அப்படி. அப்புறம் வெள்ளம். வட்டக்கானல் பக்கம் மழை கொட்டினால் கீழே கும்பக்கரை அருவியில் திடீரென்று செந்நிறத் தண்ணீர் வரும், கும்பக்கரையில் வானம் வெளுத்தே இருக்கும். குளிக்கத் தடை என்று அடிக்கடி கயிறு கட்டுகிறார்களே, அது இதற்காக. தூக்கத்தில் இருப்பவனுக்கு அந்தச் சத்தம் கேட்கும்போது நேரம் இருக்காது. தீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின, இப்போது ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம், 2024ல் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். காட்டைப் பார்க்க ஆசை என்றால் அதில் வாருங்கள், அந்தப் பணத்தில் ஒரு பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கூலியாகப் போகிறது.

இப்போது உட்காருவது. சும்மா நிற்பது, உட்காருவது, வேடிக்கை பார்ப்பது நம் நாட்டில் குற்றமில்லை. இஷ்டம்போல் நடமாட அரசியல் சாசனம் 19ஆம் பிரிவில் உரிமை தந்திருக்கிறது, நியாயமான கட்டுப்பாடு மட்டும் போடலாம். வெள்ளைக்காரன் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பிழைக்க வழி தெரியாதவன்' என்ற காரணத்துக்கே ஒருவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், 1973ல் புதிதாக எழுதியபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது, குற்றம் செய்யும் எண்ணத்தோடு ஒளிந்து திரிபவர் மேல் நடவடிக்கை எடுக்கும் பிரிவு. பட்டப்பகலில் பாலத்தடியில் காலை நனைப்பவர் அதில் வர மாட்டார். கலெக்டர் தடை உத்தரவு போட்டிருந்தாலோ, அந்த இடம் காப்புக்காடாக இருந்தாலோ கதை வேறு. அதனால் எழுப்பினால் சண்டை போடாமல், "சார், இது ஆர்.எஃப்.ஆ, புறம்போக்கா?" என்று மட்டும் கேளுங்கள். காப்புக்காடு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விரட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் டூரிஸ்ட் இல்லை. போன வருடம் இதே மாதிரி ஒரு ஓடையில் இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களில் பெரியவர் ஒருவர் முதுகுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். "இங்க என்னய்யா வேல, எந்திரி" என்று ஒரு அதிகாரி அதட்டினார். பத்தடி தள்ளி மூன்று கார்கள் கதவைத் திறந்து பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றன, அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுவாசிகளுக்கு நீர்நிலை மீனிலும் மேய்ச்சலிலும் உரிமை தருகிறது என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாமல் இருக்காது. நான் ஏன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்று இன்னும் மனது அறுக்கிறது.

அமெரிக்கச் சட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது ஓரிகன் மாநிலத்தில் ரோக் ஆற்றங்கரையில் இருக்கும் கிராண்ட்ஸ் பாஸ் ஊர் வழக்கு என்று நினைக்கிறேன். 2024 ஜூன் 28ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அங்கே அபராதம் விழுந்தது பிக்னிக் வந்தவர்களுக்கு இல்லை, வீடு இல்லாமல் பூங்காவில் போர்வையோடு படுத்தவர்களுக்கு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் யார் மாட்டுவார்கள்? தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் பழனியில் சண்முக நதிக்கரையில் குளித்து, கரையிலேயே துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். பூண்டு பிடுங்கக் கூலிக்கு வருகிற குடும்பம் ஓடையோரத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டித்தான் சமைக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 1985ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பில், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்தது, சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி எறிய முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. எனக்கு அந்த இரண்டும் சேர்ந்துதான் வேண்டும்.

வரும்போது இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். ராத்திரிக்கு ஊருக்குள் ரூம் எடுங்கள். பகலில் ஓடைக்கு வந்தால் முதலில் கருப்பு ஹோஸ் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அது தண்ணீர் எடுக்கும் குழியைத் தேடிப் பிடித்து அதற்குக் கீழ்ப்பக்கமாக உட்காருங்கள்.